வெளிநாட்டில் ஒரு படைத்தளம்: விலை எப்படிப் பேசப்படுகிறது?

செங்கடலின் தெற்கு வாயிலில், ஏமனுக்கு எதிர்க்கரையில் ஜிபூட்டி என்றொரு சின்ன நாடு இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 10 லட்சம். எண்ணெய் வளம் கிடையாது, விவசாயத்துக்குத் தண்ணீரும் கிடையாது. ஆனால் ஆசியாவிலிருந்து சூயஸ் கால்வாய் வழியாக ஐரோப்பா போகிற கப்பல் எதுவும் அந்தக் கரையைத் தாண்டாமல் போக முடியாது. அதற்காகவே பிரான்ஸ், அமெரிக்கா, ஜப்பான், இத்தாலி, சீனா என ஐந்து நாடுகளின் படைகள் அங்கே இருக்கின்றன. 2014இல் புதுப்பித்த ஒப்பந்தப்படி, கேம்ப் லெமோனியே என்ற தன் தளத்துக்கு அமெரிக்கா ஆண்டுக்கு 6.3 கோடி டாலர் வாடகை தர ஒப்புக்கொண்டது.

வீட்டுக்காரர், குடித்தனக்காரர் கணக்காக இதை எடுத்துக்கொண்டால் பாதிதான் புரியும். குடித்தனக்காரர்தான் ஊரிலேயே பெரிய பணக்காரர், வீட்டுக்காரர் அவரிடமே கடன் வாங்கியிருக்கிறார், காலி செய்யச் சொன்னால் கடனைப் பற்றிப் பேச்சு வரும் என்றும் சேர்த்துக்கொண்டால் மீதியும் புரிந்துவிடும். ஜிபூட்டியிலேயே பாருங்கள். எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவிலிருந்து ஜிபூட்டி வரைக்குமான ரயில்பாதைக்கும், எத்தியோப்பியாவிலிருந்து குடிநீர் கொண்டுவரும் குழாய்த் திட்டத்துக்கும் சீனாவின் எக்சிம் வங்கி கடன் கொடுத்தது. ரயில்பாதையின் ஜிபூட்டிப் பகுதி 2017 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் சீனா தன் முதல் வெளிநாட்டுப் படைத்தளத்தை அங்கே திறந்தது. கடனையும் தளத்தையும் ஒரே பத்திரத்தில் எழுதியதாக எந்தத் தகவலும் இல்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை. தனக்குப் பெருங்கடன் கொடுத்தவரே வந்து கொஞ்சம் இடம் கேட்டால், ஒரு சின்ன நாடு எவ்வளவு தூரம் முடியாது என்று சொல்லிவிட முடியும்?

வல்லரசுகள் பணபலத்தைக் கொண்டு அன்னிய மண்ணில் படைத்தளம் பிடிப்பது என்றால் என்ன, அது நடைமுறையில் எப்படி நடக்கிறது என்பதைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக இங்கே சொல்லப் போகிறேன். நான் படித்துப் புரிந்துகொண்டவரை, ஒரு தளத்தின் விலையை முடிவு செய்வது அந்த நிலத்தின் மதிப்பு இல்லை, அந்த நேரத்தில் அதைக் கொடுப்பவருக்கு இருக்கிற நெருக்கடிதான். பின்னால் வருகிற ஒவ்வொரு கதையிலும் இதைப் பார்க்கலாம்.

முதலில் அடிப்படை. போர் விமானத்துக்கு எரிபொருள் வேண்டும். கப்பலுக்குப் பழுதுபார்க்க இடம் வேண்டும். பல்லாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போய்ப் போர் செய்கிற ராணுவத்துக்கு, குண்டுகளையும் உணவையும் மருந்தையும் முன்கூட்டியே சேர்த்துவைக்க ஒரு கிடங்கு வேண்டும். பேரரசுகளின் காலத்தில் இதற்கெல்லாம் யாரிடமும் கேட்கவில்லை, எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காலனிகள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்றதும், கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்ற நிலைமை வந்தது. கேட்டு வாங்குவது என்று ஆனதும் பேரமும் வந்தது.

பொதுவாக ஒரு தளத்துக்குப் பின்னால் மூன்று விதமான பத்திரங்கள் இருக்கும். எந்த நிலம், எத்தனை ஆண்டு என்று சொல்கிற தள ஒப்பந்தம் முதலாவது. அங்கே இருக்கும் வெளிநாட்டுச் சிப்பாய் குற்றம் செய்தால் யார் விசாரிப்பது, அவர்கள் கொண்டுவரும் பொருளுக்குச் சுங்கவரி உண்டா என்பதையெல்லாம் சொல்கிற ஒப்பந்தம் இரண்டாவது. மூன்றாவது பணம். இந்த மூன்றாவது மட்டும் பெரும்பாலும் மற்ற இரண்டோடு சேர்ந்து இருக்காது. பொருளாதார உதவி, ராணுவ உதவி, கடன் தள்ளுபடி, எரிபொருள் ஒப்பந்தம், விமான நிலையம் கட்டித் தருவது, ஆயுத விலையில் சலுகை என்று வேறு ஏதாவது பெயரில், வேறு ஏதாவது துறையின் கணக்கில் இருக்கும். வாடகை என்ற பெயரிலேயே வருவது குறைவு.

பணம் எப்போதும் வல்லரசிடமிருந்துதான் போகும் என்றும் இல்லை. ஜப்பானில் தலைகீழ். அங்கே இருக்கும் அமெரிக்கத் தளங்களின் ஊழியர் சம்பளம், மின்கட்டணம் போன்ற செலவுகளில் ஒரு பகுதியை 1978 முதல் ஜப்பானே ஏற்று வருகிறது. 2022இலிருந்து 5 ஆண்டுகளுக்குச் சுமார் 1.05 லட்சம் கோடி யென் தருவதாக ஒப்புக்கொண்டது. பக்கத்தில் சீனாவும் வட கொரியாவும் இருக்கிற ஜப்பானுக்கு, அமெரிக்கப் படை தன் மண்ணில் இருக்க வேண்டியது தன்னுடைய தேவையாகவும் ஆகிவிட்டது. யாருக்கு அதிகம் தேவையோ அவர் பணம் தருகிறார்.

கப்பலுக்கு மாற்றாகத் தளம்

நவீன காலத்துப் பேரங்களுக்கு 1940 செப்டம்பர் 2ஆம் தேதியை ஒரு தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம். பிரான்ஸ் வீழ்ந்துவிட்டது, ஜெர்மன் நீர்மூழ்கிகள் பிரிட்டனின் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன, பிரிட்டனின் கஜானாவும் காலியாகிக்கொண்டிருந்தது. அமெரிக்கா இன்னும் போரில் இறங்கவில்லை. அன்றைக்கு ரூஸ்வெல்ட் அரசு முதல் உலகப் போர்க் காலத்து வடிவமைப்பில் கட்டிய 50 பழைய நாசகாரிக் கப்பல்களை பிரிட்டனுக்குக் கொடுத்தது. பதிலுக்கு ஜமைக்கா, டிரினிடாட், பஹாமாஸ், ஆன்டிகுவா, செயின்ட் லூசியா, பிரிட்டிஷ் கயானா ஆகிய காலனிகளில் 99 ஆண்டுக் குத்தகைக்குத் தளம் அமைக்கும் உரிமையைப் பெற்றது. நியூஃபவுண்ட்லாந்திலும் பெர்முடாவிலும் அந்த உரிமை அன்பளிப்பாகவே கொடுக்கப்பட்டது. கப்பல்கள் பலவற்றைப் பழுதுபார்த்த பிறகுதான் கடலில் இறக்க முடிந்தது. ஆனாலும் பிரிட்டன் வாங்கிக்கொண்டது, வேறு வழி இருக்கவில்லை. உலகத்தின் மிகப் பெரிய பேரரசாக இருந்த நாட்டுக்கே நெருக்கடியில் இந்த விலைதான் கிடைத்தது. ஜமைக்காவிலும் டிரினிடாடிலும் இருந்த சாதாரண மக்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வாடகையா, உதவியா?

பிலிப்பைன்ஸ் 1946 ஜூலையில் அமெரிக்காவிடமிருந்து சுதந்திரம் பெற்றது. போரில் மணிலா நகரமே தரைமட்டமாகியிருந்தது. மறுசீரமைப்புக்குப் பணம் வேண்டும், பணம் இருந்தது அமெரிக்காவிடம். போர்ச் சேத இழப்பீட்டில் 500 டாலருக்கு மேற்பட்ட தொகை வேண்டுமென்றால், அமெரிக்கர்களுக்குச் சாதகமான வர்த்தகச் சட்டத்தை பிலிப்பைன்ஸ் ஏற்க வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிபந்தனை வைத்தது. அந்தச் சூழலில்தான் 1947 மார்ச்சில் தள ஒப்பந்தம் கையெழுத்தானது. அதுவும் 99 ஆண்டு. கிளார்க் விமானப்படைத் தளமும் சூபிக் விரிகுடா கடற்படைத் தளமும் அதில் பெரியவை. வாடகை என்று எதுவும் இல்லை.

1966இல் காலத்தைக் குறைத்து, 1991இல் முடியும்படி மாற்றினார்கள். அப்புறம் பணப் பேச்சு சூடுபிடித்தது. 1979இல் ஐந்தாண்டுக்கு 50 கோடி டாலர், 1983இல் ஐந்தாண்டுக்கு 90 கோடி, 1988இல் ஆண்டுக்கு 48.1 கோடி என்று ஏறிக்கொண்டே போனது. இதை வாடகை என்றுதான் பிலிப்பைன்ஸ் தரப்பு சொல்லிவந்தது. அமெரிக்கத் தரப்பு கடைசி வரை உதவி என்றே சொன்னது. வெளியிலிருந்து பார்த்தால் வீண் வாதம் போலத் தெரியும். ஆனால் சட்டப்படி பெரிய வேறுபாடு உண்டு. வாடகை என்றால் கடமை, தராவிட்டால் ஒப்பந்த மீறல். உதவி என்றால் அதிபர் தன்னால் முடிந்தவரை முயல்வதாக எழுதிக் கொடுப்பார், ஒவ்வோர் ஆண்டும் காங்கிரஸ் ஒதுக்கினால்தான் பணம் வரும். ஒரு நாட்டுக்கு வாடகை என்று கொடுத்துவிட்டால் மற்ற நாடுகளும் அதையே கேட்கும் என்ற கவலையும் வாஷிங்டனுக்கு இருந்தது.

1991 ஜூனில் பினாட்டுபோ எரிமலை வெடித்து கிளார்க் தளத்தைச் சாம்பலில் மூடிவிட்டது. அமெரிக்கா அதைக் கைவிட்டு, சூபிக்கை மட்டும் இன்னும் 10 ஆண்டு வைத்துக்கொள்ளக் கேட்டது. ஆண்டுக்கு 20.3 கோடி டாலர் தருவதாகச் சொன்னது. அதிபர் கொரஸோன் அகினோ ஒப்புக்கொண்டார். நாடு கடனில் தவித்துக்கொண்டிருந்தது, சூபிக் தளத்தை நம்பி ஒலங்காப்போ என்ற நகரமே பிழைத்துக்கொண்டிருந்தது. அப்படியிருந்தும் செப்டம்பர் 16ஆம் தேதி பிலிப்பைன்ஸ் நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் 12க்கு 11 என்ற கணக்கில் ஒப்பந்தத்தை நிராகரித்தது. 1992 நவம்பரில் கடைசி அமெரிக்கக் கப்பல் வெளியேறியது. சூபிக் பிறகு சுதந்திர வர்த்தக மண்டலமாக மாறியது, ஃபெடெக்ஸ் நிறுவனம் தன் ஆசியச் சரக்கு விமான மையத்தைச் சில காலம் அங்கே நடத்தியது.

இந்தக் கதை அத்தோடு முடியவில்லை. தென்சீனக் கடலில் சீனாவின் நெருக்குதல் கூடியதும், 2014இல் பிலிப்பைன்ஸே அமெரிக்கப் படைகளைத் தன் முகாம்களில் இடம்பெற அனுமதிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. 2023இல் அந்த முகாம்களின் எண்ணிக்கை ஒன்பதாகியது. இந்தமுறை வாடகைப் பேச்சே கிடையாது. தேவை யார் பக்கம் இருக்கிறது என்பது மாறியதும் விலையும் மாறிவிட்டது.

ஏலத்தில் ஒரு ஓடுபாதை

கிர்கிஸ்தான் மத்திய ஆசியாவில் உள்ள ஏழை நாடு. சோவியத் ஒன்றியம் உடைந்தபின் பிறந்தது. 2001 இறுதியில் ஆப்கானிஸ்தான் போருக்காக அமெரிக்கா அதன் தலைநகர் பிஷ்கெக்கின் மனாஸ் விமான நிலையத்தில் தளம் போட்டது. 2003இல் ரஷ்யா, அங்கிருந்து சில பத்து கிலோமீட்டர் தள்ளி கான்ட் என்ற இடத்தில் தன் விமானத் தளத்தைத் திறந்தது. இரண்டு வல்லரசுகள் ஒரே ஊர்ப்பக்கம் வந்து உட்கார்ந்ததும் கிர்கிஸ் தலைவர்கள் விலையைக் கூட்டத் தொடங்கினார்கள்.

2009 பிப்ரவரியில் அதிபர் பாகியேவ் மாஸ்கோவுக்குப் போனார். ரஷ்யா 200 கோடி டாலர் கடனும் 15 கோடி டாலர் மானியமும் தருவதாக அறிவித்தது. அதே பயணத்தில், மனாஸ் தளத்தை மூடப் போவதாக பாகியேவ் அறிவித்தார். நாடாளுமன்றமும் பெருவாரியாக வாக்களித்து ஒப்புதல் தந்தது. நான்கு மாதம் கழித்து, அமெரிக்கா ஆண்டு வாடகையை 1.74 கோடி டாலரிலிருந்து 6 கோடியாக உயர்த்தியதும் தளம் அங்கேயே நின்றது. பெயரை மட்டும் "இடைவழி மையம்" என்று மாற்றிக்கொண்டார்கள்.

கூடுதல் பணம் வந்தது நாட்டுக்கு நல்லதுதானே என்று தோன்றலாம். ஆனால் தளத்தின் பெரிய பணம் வாடகையில் இல்லை, விமானங்களுக்கு நிரப்பும் எரிபொருளில் இருந்தது. அந்த ஒப்பந்தங்கள் ஆட்சியாளர் குடும்பத்துக்கு நெருக்கமானவர்களிடம் போவதாக மக்கள் மத்தியில் கடும் கோபம் இருந்தது. 2010 ஏப்ரலில் பாகியேவ் ஆட்சியைத் தூக்கியெறிந்த கிளர்ச்சியில் விலைவாசியோடு இந்தக் கோபமும் சேர்ந்தே வெடித்தது. எரிபொருள் ஒப்பந்தங்களைப் பற்றி அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று தனியாக விசாரணையே நடத்தியது.

ரஷ்யா பிடித்தது வேறு வழி. 2012இல் கிர்கிஸ்தானின் கடனில் சுமார் 49 கோடி டாலரைத் தள்ளுபடி செய்ய ஒப்புக்கொண்டு, கூடவே கான்ட் தளத்துக்குப் புதிதாக 15 ஆண்டு வாங்கிக்கொண்டது. 2014 ஜூனில் மனாஸிலிருந்து அமெரிக்கர்கள் போய்விட்டார்கள். கான்ட் தளம் ரஷ்யாவின் கையிலேயே இருந்தது.

பணம் எல்லா நேரமும் வெல்வதில்லை என்பதற்குத் துருக்கி சாட்சி. 2003இல் ஈராக்கை வடக்கிலிருந்து தாக்க, துருக்கி மண்ணில் சுமார் 62,000 வீரர்களை நிறுத்த அமெரிக்கா அனுமதி கேட்டது. 2001 நிதி நெருக்கடியிலிருந்து துருக்கி இன்னும் முழுதாக எழுந்திருக்கவில்லை. சுமார் 600 கோடி டாலர் மானியம், அதற்கு மேல் பெரும் கடனுதவி என்று பேசப்பட்டது. மார்ச் 1ஆம் தேதி துருக்கி நாடாளுமன்றத்தில் நடந்த வாக்கெடுப்பில் ஆதரவு 264, எதிர்ப்பு 250, நடுநிலை 19. வந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் வேண்டும் என்பது விதி, அது கிடைக்கவில்லை. தெருவில் மக்கள் போருக்கு எதிராகத் திரண்டிருந்தார்கள். மணிலாவிலும் அங்காராவிலும் பணத்தை மறுத்தது நாடாளுமன்றம்தான் என்பதைக் கவனியுங்கள். ஓர் அறையில் ஒரு தலைவரோடு பேசி முடிக்கிற பேரத்தைவிட, வாக்குக்குப் போகிற பேரம் வல்லரசுக்குக் கடினம்.

இந்த இடத்தில் பலருக்கு அம்பாந்தோட்டை ஞாபகம் வரும். அதைத் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2017இல் இலங்கை அந்தத் துறைமுகத்தை சைனா மெர்ச்சன்ட்ஸ் நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்து 112 கோடி டாலர் பெற்றது. கடனைக் கட்டமுடியாமல் துறைமுகத்தைச் சீனா பறித்துக்கொண்டது என்றே பரவலாகச் சொல்லப்படுகிறது. உண்மையில் துறைமுகத்துக்காக வாங்கிய கடன் ரத்தாகவில்லை, அந்தப் பணம் இலங்கையின் டாலர் கையிருப்புக்குப் போனது. அது வணிகத் துறைமுகம், படைத்தளம் இல்லை. ஆனால் 2022 ஆகஸ்டில், இந்தியா எதிர்ப்புத் தெரிவித்தும், யுவான் வாங் 5 என்ற சீனக் கண்காணிப்புக் கப்பல் அங்கே வந்து நின்றது. அப்போது இலங்கை திவாலாகி, கடன் மறுசீரமைப்புக்குச் சீனாவின் தயவை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. தளம் என்று பெயர் வைக்காமலே எவ்வளவு தூரம் போகலாம் என்று அந்த வருகை காட்டியது.

டியாகோ கார்சியா

இதுவரை சொன்ன நாடுகளுக்கெல்லாம் பேச ஒரு குரலாவது இருந்தது. சாகோஸ் தீவு மக்களுக்கு அதுவும் இருக்கவில்லை. இந்த விஷயத்தைப் பற்றி ஒரே ஒரு கதைதான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள் என்பேன்.

கன்னியாகுமரியிலிருந்து தெற்கே சுமார் 1,800 கிலோமீட்டரில், இந்தியப் பெருங்கடலின் நடுவே சாகோஸ் தீவுக்கூட்டம் இருக்கிறது. அதில் பெரியது டியாகோ கார்சியா. பவழத்தீவு, நடுவில் ஆழமான காயல். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுக்காரர்கள் மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்து தென்னந்தோப்பு போட்டார்கள். 1814இல் தீவுகள் பிரிட்டன் கைக்கு வந்தன. அடிமைமுறை ஒழிந்தபின் இந்தியாவிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் வந்தார்கள். இவர்களின் சந்ததிகள் ஐந்தாறு தலைமுறையாகத் தங்களுக்கென ஒரு கிரியோல் மொழி பேசி, கொப்பரை காயவைத்து, மீன்பிடித்து வாழ்ந்தார்கள். தேவாலயம், கல்லறைத் தோட்டம் எல்லாம் இருந்தன.

காலனிகள் விடுதலையாகிக்கொண்டே போனால் தளங்களும் போய்விடும் என்று 1950களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படை கணக்குப் போட்டது. ஆள் குறைவாக இருக்கும் தீவுகளை, அவை சுதந்திர நாடுகளோடு சேர்ந்துவிடுவதற்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்வது என்பது அதன் திட்டம். தேர்ந்தெடுக்கப்பட்ட தீவு டியாகோ கார்சியா. அது அப்போது மொரீஷியஸ் காலனியின் பகுதி. மொரீஷியஸ் சுதந்திரம் கேட்டுக்கொண்டிருந்தது.

1965 செப்டம்பரில் மொரீஷியஸ் தலைவர்கள் லண்டனில் அரசியல் சட்டப் பேச்சுவார்த்தையில் இருந்தார்கள். அவர்களுக்குத் தலைமை வகித்த சிவசாகர் ராம்கூலத்தை பிரிட்டிஷ் பிரதமர் ஹரால்ட் வில்சன் தனியாகச் சந்தித்தார். சந்திப்புக்கு முன் வில்சனுக்குத் தரப்பட்ட குறிப்பு பின்னாளில் வெளியாகி, சர்வதேச நீதிமன்றம் வரை போனது: சுதந்திரம் கிடைக்கும் என்ற நம்பிக்கையையும், தீவுகளை விட்டுத்தராவிட்டால் கிடைக்காமல் போகலாம் என்ற பயத்தையும் சேர்த்தே ராம்கூலத்துக்கு ஊட்ட வேண்டும் என்பது அதன் சாரம். சாகோஸ் பிரிக்கப்பட்டது, மொரீஷியஸுக்கு 30 லட்சம் பவுண்ட் தரப்பட்டது. செஷல்ஸிடமிருந்தும் மூன்று தீவுகள் எடுக்கப்பட்டன. அதற்கு விலையாக மாஹே தீவில் பிரிட்டன் ஒரு விமான நிலையம் கட்டிக் கொடுத்தது. அந்த மூன்று தீவுகளும் 1976இல் செஷல்ஸுக்குத் திரும்பின. சாகோஸ் திரும்பவில்லை.

சரி, அமெரிக்கா என்ன கொடுத்தது? 1966 டிசம்பர் 30இல் இரண்டு அரசுகளும் பகிரங்கமாகப் பரிமாறிக்கொண்ட கடிதங்களின்படி, தீவுகளை அமெரிக்கா 50 ஆண்டுக்குக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம், அதன்மேல் இன்னும் 20 ஆண்டு நீட்டிக்கலாம். கட்டணமின்றி என்றது காகிதத்தில் மட்டும்தான். பிரிட்டன் அப்போது அமெரிக்காவிடமிருந்து நீர்மூழ்கிகளுக்கான போலாரிஸ் ஏவுகணைகளை வாங்கிக்கொண்டிருந்தது. அவற்றின் விலையோடு, ஆராய்ச்சிச் செலவில் பங்காக 5 சதவீதம் கூடுதல் கட்டணமும் கட்ட வேண்டும். அந்தக் கூடுதல் கட்டணத்தில் 1.4 கோடி டாலர் வரைக்கும் தள்ளுபடி செய்வதாக ரகசியமாக முடிவானது. தீவுகளைப் பிரித்தெடுக்கும் செலவில் பாதிக்கு அது ஈடு.

இந்த முறையின் திறமையைக் கவனிக்க வேண்டும். ஒரு டாலர்கூடக் கைமாறவில்லை, வர வேண்டிய ஒரு வரவு வராமல் போனது, அவ்வளவுதான். செலவு என்று ஒன்று இருந்தால்தானே அமெரிக்க காங்கிரஸிடம் கேட்க வேண்டும்? பிரிட்டன் நாடாளுமன்றத்துக்கும் கணக்குக் காட்ட வேண்டியிருக்கவில்லை. 1976 ஜனவரியில் அமெரிக்கத் தலைமைத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கை வந்தபிறகுதான் விவரம் முழுதாக வெளியே தெரிந்தது. தளம் கட்டத் தொடங்கியே ஐந்தாண்டு ஆகிவிட்டிருந்தது.

மக்களுக்கு நடந்தது இதுதான். 1967இல் பிரிட்டிஷ் அரசு தென்னந்தோப்புக் கம்பெனியை விலைக்கு வாங்கியது. 1968 வாக்கில், மருத்துவத்துக்கோ உறவினரைப் பார்க்கவோ மொரீஷியஸ் போனவர்கள் திரும்பிவரக் கப்பல் ஏறப் போனபோது, இனி உங்கள் தீவுக்குப் போக முடியாது என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். உணவும் மருந்தும் வருவது குறைக்கப்பட்டது. 1971இல் டியாகோ கார்சியாவிலிருந்து எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் வளர்த்த நாய்களைப் பிடித்து, கொப்பரை உலர்த்தும் கொட்டகைக்குள் அடைத்து, வாகனப் புகையைச் செலுத்திக் கொன்றார்கள். 1973க்குள் மற்ற தீவுகளும் காலியாயின. மொத்தம் 1,500 முதல் 2,000 பேர். மொரீஷியஸ் துறைமுகத்திலும் செஷல்ஸிலும் வீடும் வேலையும் இல்லாமல் இறக்கிவிடப்பட்டார்கள். அங்கே நிரந்தரக் குடிகளே கிடையாது, ஒப்பந்தத் தொழிலாளர்கள்தான் என்று ஐ.நா.வுக்குச் சொல்லப்பட்டது. எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிற பகுதி இது.

1972இல் அவர்களுக்காக மொரீஷியஸ் அரசுக்கு பிரிட்டன் கொடுத்தது 6.5 லட்சம் பவுண்ட். அது மக்கள் கைக்கு 1978இல்தான் வந்து சேர்ந்தது. லிசெட் தலாத், சார்லேசியா அலெக்சிஸ் போன்ற பெண்கள் மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸின் தெருக்களில் உண்ணாவிரதம் இருந்து, அடிவாங்கி, சிறை சென்று போராடிய பிறகு 1982இல் இன்னும் 40 லட்சம் பவுண்ட் வந்தது. வாங்கியவர்களில் பலர், ஊர் திரும்பும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஆங்கிலத்தில் எழுதியிருந்த தாளில் கைநாட்டு வைத்தார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது.

தளம் வளர்ந்தது. 1991, 2001, 2003 போர்களில் குண்டுவீச்சு விமானங்கள் அங்கிருந்து பறந்தன. சமையலுக்கும் பராமரிப்புக்கும் பிலிப்பைன்ஸிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நீண்ட காலம், பிறந்த மண்ணில் கூலிவேலைக்குக்கூட சாகோஸ்காரர்களைச் சேர்க்கவில்லை.

தமிழர்களுக்கும் இந்தத் தீவோடு ஒரு வேதனையான தொடர்பு ஏற்பட்டது. 2021 அக்டோபரில் இலங்கைத் தமிழ் அகதிகள் 89 பேர் வந்த படகு பழுதாகி, டியாகோ கார்சியாவில் கரைசேர்க்கப்பட்டது. குழந்தைகளோடு மூன்றாண்டுக்கு மேல் வேலியிட்ட கூடார முகாமில் வைக்கப்பட்டார்கள். 2024 டிசம்பரில் பெரும்பாலானோர் பிரிட்டனுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களை அடைத்துவைத்தது சட்டவிரோதம் என்று அதே மாதம் தீர்ப்பும் வந்தது. குடிமக்களே இல்லாத, படைக்காக மட்டும் வைத்திருக்கிற நிலத்தில் யாருடைய சட்டம் யாரைக் காக்கும் என்பது இவ்வளவு குழப்பமாகிவிட்டிருந்தது.

2019இல் சர்வதேச நீதிமன்றம், சாகோஸைப் பிரித்தது சட்டப்படி செல்லாது, பிரிட்டன் கூடிய விரைவில் வெளியேற வேண்டும் என்று ஆலோசனைக் கருத்துச் சொன்னது. ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் அதை ஆதரித்தன, எதிர்த்தவை 6. அதன்பின் நடந்த பேச்சுவார்த்தையின் முடிவில் 2025 மே 22இல் பிரிட்டனும் மொரீஷியஸும் ஒப்பந்தம் செய்தன. அதன்படி சாகோஸின் இறையாண்மை மொரீஷியஸுக்கு. டியாகோ கார்சியா மட்டும் 99 ஆண்டுக் குத்தகைக்கு பிரிட்டனுக்கு, அதாவது நடைமுறையில் அமெரிக்கத் தளத்துக்கு. பிரிட்டன் ஆண்டுக்குச் சராசரியாக 10.1 கோடி பவுண்ட் தர வேண்டும். 1965இல் 30 லட்சத்துக்கு வாங்கிய இடம். அன்றைக்கு மொரீஷியஸ் சுதந்திரத்துக்காகக் காத்திருந்த காலனி, இன்றைக்குச் சர்வதேச நீதிமன்றத்தின் கருத்தைக் கையில் வைத்திருக்கும் நாடு. விலை ஏறியதற்குக் காரணம் அதுதான்.

சாகோஸ் மக்களுக்காக 4 கோடி பவுண்டில் ஒரு நிதி ஒதுக்க ஒப்பந்தம் வகை செய்தது. அதை நடத்த வேண்டியது மொரீஷியஸ் அரசு. ஒப்பந்தப்படி, மற்ற தீவுகளில் அவர்களைக் குடியேற்ற மொரீஷியஸுக்கு உரிமை உண்டு, டியாகோ கார்சியாவில் கிடையாது. ஒலிவியே பான்கூல் போன்ற சாகோஸ் தலைவர்கள் ஒப்பந்தத்தை வரவேற்றார்கள், பிரிட்டனில் வாழும் சாகோஸ்காரர்கள் பலர் எதிர்த்தார்கள். கையெழுத்தாக வேண்டிய நாள் விடிவதற்கு முன்பே, டியாகோ கார்சியாவில் பிறந்த இரண்டு பெண்கள் லண்டன் உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கினார்கள். மதியம் தடை விலக்கப்பட்டது, அன்றைக்கே கையெழுத்தும் ஆனது. தங்களைக் கேட்காமல் தங்கள் ஊரைப் பற்றி முடிவெடுக்கிறார்கள் என்பதுதான் அவர்களின் புகார். ஆதரித்தாலும் எதிர்த்தாலும் இந்தமுறையாவது பேச்சுவார்த்தை மேசையில் அவர்களுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்க வேண்டும், போடவில்லை.